பயர்பொக்ஸின் பழைய முகம் திரும்ப வருமா?

வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் கனபேர் ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருக்கிறீர்கள். பிரவுசர் அப்டேட் ஆகி முகம் மாறிவிட்டது, பழையபடி ஆக்குவது எப்படி என்று. ஆகவே இந்தப் பக்கம் முழுவதும் அதற்கே.

கேள்வி: மகன் வெளிநாடு போன பிறகு என் லப்டொப் இணையம் இல்லாமல் வருடக்கணக்கில் கிடந்தது. அண்மையில்தான் வீட்டுக்கு இணைப்பு எடுத்தோம். எடுத்த கையோடு பயர்பொக்ஸ் தானாகவே அப்டேட் ஆகி வேறு ஆள் மாதிரி வந்து நிற்கிறது. மேலே இருந்த ஃபைல், எடிட் வரிசையைக் காணவில்லை. டப்புகளுக்கு நடுவில் கோடு இல்லை, நான் எந்தப் பக்கத்தில் நிற்கிறேன் என்றே கண்ணுக்குப் பிடிபடவில்லை. பக்கத்துக் கடைத் தம்பி பென்ட்ரைவில் பழைய பதிப்பு வைத்திருக்கிறாராம், இதை அழித்துவிட்டு அதைப் போட்டுத் தருகிறேன் என்கிறார். போடலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, மல்லாவி

பதில்: போடவேண்டாம் ரீச்சர். அந்தத் தம்பி நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் அது உங்களுக்குப் புதுப் பிரச்சினையைத்தான் கொண்டுவரும். ஒவ்வொரு புதிய பதிப்பு வரும்போதும் பழையதில் இருந்த பாதுகாப்பு ஓட்டைகள் என்னென்ன என்று, பயர்பொக்ஸைச் செய்யும் மொசில்லாவே பட்டியல் போட்டு வெளியிடுகிறது, அதாவது பழைய பதிப்பில் எந்தப் பக்கத்தால் உள்ளே வரலாம் என்பது கெட்டவனுக்கும் தெரியும். இரண்டாவது விஷயம், 2019 மே மாதம் வந்த 67ஆம் பதிப்பிலிருந்து, புதிய பயர்பொக்ஸ் கையாண்ட உங்கள் தரவுகளைப் பழைய பயர்பொக்ஸ் திறக்காது. உங்கள் தரவுகள் இருக்கும் சுயவிபரக் கோப்புறை (புரொஃபைல்) ஒன்றைப் புதிதாக உருவாக்கச் சொல்லும், நீங்களும் சரி என்று அழுத்துவீர்கள், திறந்து பார்த்தால் புக்மார்க்கும் இல்லை, சேமித்த கடவுச்சொல்லும் இல்லை. அவை அழியவில்லை, பழைய கோப்புறைக்குள்தான் கிடக்கும். ஆனால் அந்த நேரத்தில் அது யாருக்குத் தெரியும், நெஞ்சு பதறிப் போய்விடும்.

உங்கள் லப்டொப்பில் நடந்தது இதுதான். பயர்பொக்ஸின் முகம் சில தடவைகள் பெரிதாக மாறியிருக்கிறது. 2014 ஏப்ரலில் 29ஆம் பதிப்பில் டப்புகள் வளைந்தன, அந்த வடிவமைப்புக்கு ஒஸ்ட்ராலிஸ் என்று பெயர். 2017 நவம்பரில் 57ஆம் பதிப்போடு ஃபோட்டோன் வந்து டப்புகளைத் திரும்பச் சதுரமாக்கியது. 2021 ஜூனில் 89ஆம் பதிப்பில் வந்ததுதான் புரோட்டோன், உங்களுடைய முறைப்பாடு முழுக்க இதைப் பற்றியது. டப்புகளுக்கு இடையில் இருந்த கோட்டை எடுத்து அவற்றை மிதக்கும் பட்டன் மாதிரி ஆக்கியதும், மெனுவில் இருந்த குட்டிப் படங்களை எடுத்ததும், எல்லாவற்றையும் கொஞ்சம் தடிப்பாக்கியதும் இதில்தான். மற்றவர்கள் இதையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொண்டார்கள், உங்களுக்கு மொத்தமாக வந்து விழுந்திருக்கிறது. அதனால் உங்கள் கண்ணிலோ வயதிலோ பிழை தேடவேண்டாம்.

இனிச் செய்யவேண்டியது. முதலில் கீபோர்ட்டில் ஓல்ட் (Alt) பட்டனை ஒருதரம் அழுத்துங்கள், ஃபைல், எடிட் வரிசை உடனே மேலே தெரியும். அது நிரந்தரமாக நிற்க வேண்டுமென்றால் டப்புகளுக்குப் பக்கத்தில் வெறுமையாக இருக்கும் இடத்தில் மவுஸின் வலது பட்டனை அழுத்தி, வரும் பட்டியலில் மெனு பார் என்பதற்குச் சரி போடுங்கள். அதே பட்டியலில் கஸ்டமைஸ் டூல்பார் என்று ஒன்று இருக்கும், அதைத் திறந்தால் பிரவுசர் முழுவதும் கழற்றிப் பூட்டுகிற நிலைக்கு வந்துவிடும். கீழே இடது மூலையில் டைட்டில் பார் என்பதற்குச் சரி போட்டால், திறந்திருக்கும் பக்கத்தின் பெயர் முன்பு மாதிரி உச்சியில் ஒரு வரியாக எழுதப்பட்டிருக்கும். எந்தப் பக்கத்தில் நிற்கிறேன் என்று தெரியவில்லை என்றீர்களே, அதற்கு இந்த ஒரு வரியே பாதி மருந்து. முகவரிப் பட்டைக்கு இரண்டு பக்கமும் சும்மா கிடக்கும் வெற்று இடங்களை இழுத்து வெளியே போடலாம், வீடு மாதிரி இருக்கும் ஹோம் பட்டன் இல்லையென்றால் அதை இழுத்து உள்ளே வைக்கலாம். பயப்படாமல் செய்யுங்கள். எதையாவது குழப்பிவிட்டால் அதே இடத்தில் கீழே ரெஸ்டோர் டிஃபோல்ட்ஸ் என்று இருக்கிறது, அழுத்தினால் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும்.

தடிப்பைக் குறைக்கவும் வழி இருக்கிறது. கொம்பக்ட் என்ற ஒடுக்கமான வடிவத்தை எடுத்துவிடத்தான் மொசில்லா முதலில் நினைத்திருந்தது. பாவனையாளர்கள் விடவில்லை, அதனால் அதை அழிக்காமல் ஒளித்து வைத்தார்கள். முகவரிப் பட்டையில் அபவுட் கொன்பிக் (about:config) என்று ஆங்கிலத்தில், இரண்டு சொல்லுக்கும் நடுவே இடைவெளி விடாமல் முக்காற்புள்ளி போட்டு அடியுங்கள். எச்சரிக்கைப் பக்கம் ஒன்று வரும், ஏற்றுக்கொண்டு உள்ளே போய்த் தேடும் பெட்டியில் கொம்பக்ட்மோட் (compactmode) என்று சேர்த்து எழுதினால் 'ஷோ' என்று முடியும் ஒரு வரி நிற்கும். அதை இரண்டு தரம் கிளிக் செய்து ட்ரூ ஆக்கிவிட்டு, திரும்பக் கஸ்டமைஸ் டூல்பாருக்குப் போனால் டென்சிட்டி என்ற இடத்தில் கொம்பக்ட் வந்திருக்கும். ஆதரவு இல்லை என்று பக்கத்தில் எழுதியிருக்கும், ஆனால் வேலை செய்யும்.

இதை எழுதிவிட்டேன், ஆனால் ரீச்சர், உங்களுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். கொம்பக்ட் போட்டால் எல்லாம் இன்னும் நெருங்கும், கண் பிடிபடாதவருக்கு அது உதவாது. அதற்குப் பதிலாக விண்டோஸின் செட்டிங்ஸுக்குள் எழுத்தின் அளவைப் பெரிதாக்குங்கள், விண்டோஸ் 10இல் ஈஸ் ஒஃப் அக்சஸ், 11இல் அக்சசபிலிட்டி என்ற இடத்தில் இருக்கிறது. இப்போதைய பயர்பொக்ஸ் அந்த அளவை மதித்துத் தன் மெனு, டப் எழுத்துகளையும் பெரிதாக்கும், 2017இல் இருந்த பயர்பொக்ஸ் இதைச் செய்யாது. அதோடு 2025 மார்ச்சில் 136ஆம் பதிப்பில் வந்த செங்குத்து டப்புகளையும் ஒருதரம் பாருங்கள். செட்டிங்ஸில் ஜெனரல் பகுதியில், பிரவுசர் லேஅவுட் என்ற இடத்தில் மாற்றலாம். பக்கங்களின் பெயர்கள் இடது பக்கத்தில், வகுப்பு இடாப்பில் பிள்ளைகளின் பெயர் மாதிரி ஒன்றின் கீழ் ஒன்றாக நிற்கும். இது பழைய முகம் இல்லை என்பது எனக்கும் தெரியும், ஆனால் பழையதில் உங்களுக்குப் பிடித்திருந்த தெளிவு இதில் இருக்கிறது.

கேள்வி: மேலே சொல்வது போன்ற செட்டிங்ஸ் எல்லாம் செய்துவிட்டேன். எனக்கு டப்புக்கு நடுவில் கோடு வேண்டும், டப்புகள் முகவரிப் பட்டைக்குக் கீழே வரவேண்டும். பிரவுசரின் முகத்தை மாற்றும் யூசர்குரோம் கோப்பு (userChrome.css) எழுதினேன், ஒன்றும் நடக்கவில்லை. இணையத்தில் சொன்னபடி புரோட்டோனை நிறுத்தும் வரியையும் ஃபோல்ஸ் ஆக்கினேன், அதுவும் பலிக்கவில்லை.
– பொறியியல் பீட மாணவன், அறிவியல்நகர், கிளிநொச்சி

பதில்: தம்பி, புரோட்டோனை நிறுத்தும் அந்த வரி 89ஆம், 90ஆம் பதிப்புகளில் மட்டும்தான் பலித்தது. 2021 ஓகஸ்டில் வந்த 91இல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது அந்தப் பெயரில் நீங்களே ஒரு வரியை உருவாக்கி ஃபோல்ஸ் போட்டாலும் பயர்பொக்ஸ் அதை வாசிப்பதில்லை. இன்னும் பழைய வீடியோக்கள் அதையே சொல்லிக்கொண்டிருக்கின்றன, வீடியோவின் திகதியைப் பார்த்துவிட்டுப் பின்பற்றுங்கள்.

யூசர்குரோம் வேறு கதை, அது இன்றைக்கும் வேலை செய்கிறது. ஒஸ்ட்ராலிஸ் வந்த காலத்தில் கிளாசிக் தீம் ரெஸ்டோரர் என்று ஒரு நீட்சி (பிரவுசரோடு சேர்க்கும் சிறு செயலி) இருந்தது, அதைப் போட்டால் பழைய முகம் அப்படியே திரும்பும். 57ஆம் பதிப்பில் மொசில்லா நீட்சிகளின் அடித்தளத்தையே மாற்றியது. அதற்குப் பிறகு எந்த நீட்சிக்கும் பிரவுசரின் சட்டகத்தைத் தொட உரிமை இல்லை, அந்த நீட்சியும் அதோடு நின்றது. எஞ்சியிருக்கும் ஒரே வாசல் இந்த யூசர்குரோம், அதாவது தோற்றத்தை எழுத்தில் சொல்லும் சி.எஸ்.எஸ். கோப்பு. அதையும் 2019இல், 69ஆம் பதிப்பிலிருந்து, நீங்களாகத் திறந்தால்தான் திறக்கும் என்று ஆக்கினார்கள். கணக்கற்ற பேருக்குத் தேவையில்லாத ஒரு கோப்பை ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் தேடி நேரம் வீணாக்குவானேன் என்பது காரணம், நியாயமான காரணம்தான்.

உங்களுக்கு ஏன் நடக்கவில்லை என்றால், நான் முதலில் சந்தேகிப்பது இந்தத் திறப்பைத்தான். அபவுட் கொன்பிக்கில் ஸ்டைல்ஷீட்ஸ் என்று தேடுங்கள், டூல்கிட் என்று தொடங்கி லெகசி என்ற சொல்லும் உள்ளே வரும் நீண்ட வரி இருக்கும், அது ட்ரூவாக இருக்கவேண்டும். அது சரியென்றால் கோப்பு இருக்கும் இடத்தைப் பாருங்கள். அபவுட் சப்போர்ட் பக்கத்தில் புரொஃபைல் ஃபோல்டர் என்ற வரிக்குப் பக்கத்தில் உள்ள பட்டனை அழுத்தினால் திறக்கும் கோப்புறைக்குள், குரோம் என்ற பெயரில், எல்லாம் சிறிய எழுத்தில், இன்னொரு கோப்புறை இருக்கவேண்டும், கோப்பு அதற்குள் இருக்கவேண்டும். (கூகுள் குரோமுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) இதுவும் சரியாக இருந்தால் மிச்சம் இருப்பது விண்டோஸ் செய்யும் வேலை, அது கோப்புப் பெயரின் கடைசிப் பகுதியை மறைத்து வைக்கும். நோட்பேட்டில் எழுதிச் சேமித்தால் சி.எஸ்.எஸ்.ஸுக்குப் பின்னால் டெக்ஸ்ட் கோப்பின் மூன்று எழுத்தும் ஒட்டிக்கொண்டிருக்கும், உங்கள் கண்ணுக்கு அது தெரியாது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ பகுதிக்குப் போய்ப் பெயர் நீட்சிகளைக் காட்டச் சொல்லுங்கள், அப்போது தெரியும். பிறகு பயர்பொக்ஸை முழுவதும் மூடித் திறக்கவேண்டும், பக்கத்தை மட்டும் ரீலோட் செய்தால் போதாது.

கோடு போடுவது சில வரிகளில் முடியும். டப்புகளைக் கீழே இறக்குவது அப்படியில்லை, அது கஷ்டம். அதுவும் பதிப்புக்குப் பதிப்பு உள்ளே இருக்கும் உறுப்புகளின் பெயரும் அடுக்கும் மாறுவதால் இன்று சரியாக நிற்பது அடுத்த மாதம் குலையலாம். ஆகவே இணையத்தில் கிடைக்கும் நீளமான கோப்பை அப்படியே கொப்பி பண்ணாமல், பிரவுசரின் உறுப்புகளைக் காட்டும் கருவியான பிரவுசர் டூல்பொக்ஸைத் திறந்து எந்த உறுப்புக்கு என்ன பெயர் என்று நீங்களே பார்த்து, உங்களுக்கு வேண்டிய சில வரிகளை மட்டும் எழுதுங்கள். நீங்கள் படிக்கிற படிப்புக்கு அது பிரயோசனமான வேலையும்கூட. குலைந்து பட்டன்களே தெரியாமல் போனால் கலங்கவேண்டாம், அந்தக் கோப்பின் பெயரை மாற்றிவிட்டுத் திறந்தால் பயர்பொக்ஸ் தன் முகத்தோடு வரும்.

இன்னொன்று. பழைய முகத்தைத் தருகிறோம் என்று எக்ஸி கோப்பு (கணினியில் ஓடும் செயலி) ஒன்றை இறக்கச் சொன்னால் இறக்காதீர்கள். முகத்தை மாற்ற எழுத்துக்கோப்பு ஒன்றே போதும், எக்ஸி எதற்கு?

கேள்வி: குரோமில் இதெல்லாம் செய்யலாமா? ஃப்ளாக்ஸ் பக்கத்தில் ஒன்றை மாற்றினால் பழையபடி வரும் என்று ஒருவர் சொன்னார், அந்த வரியையே காணவில்லை.
– பரந்தன் வாசகர்

பதில்: இப்போது முடியாது. 2018இல் குரோமின் பத்தாவது வருடத்துக்கு முகம் மாற்றியபோதும், 2023இல் பதினைந்தாவது வருடத்துக்கு மாற்றியபோதும் ஃப்ளாக்ஸ் பக்கத்தில் பழையதுக்குத் திரும்ப ஒரு வரி இருந்தது, கொஞ்ச மாதத்தில் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். ஃப்ளாக்ஸில் இருப்பவை எல்லாம் பரீட்சார்த்தமானவை, நிலைக்கும் என்று நம்பி எதையும் கட்டவேண்டாம். ஹோம் பட்டனை அப்பியரன்ஸ் பகுதியில் வரவைக்கலாம், புக்மார்க் பட்டையை கொன்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் ஒன்றாக அழுத்தி நிரந்தரமாக நிறுத்தலாம், நிறத்தை மாற்றலாம். அதற்கு மேல் குரோம் இடம் கொடுக்காது. முகம் தன் சொற்படி இருக்கவேண்டும் என்று நினைப்பவருக்கு அது ஏற்ற பிரவுசர் இல்லை என்பதுதான் என் கருத்து.

கேள்வி: போட்டோக்கொப்பியும் பிரிண்டும் எடுக்கிற கடை வைத்திருக்கிறேன். விண்டோஸ் 7 கணினி. அதில் பயர்பொக்ஸ், குரோம் இரண்டும் அப்டேட் ஆவதே இல்லை, முகமும் மாறவில்லை, எனக்கு இதுதான் வசதி. இப்படியே விடலாமா?
– புதுக்குடியிருப்பு வாசகர்

பதில்: விடக்கூடாது. உங்கள் வீட்டுக் கணினியாக இருந்தால் நான் இவ்வளவு அழுத்திச் சொல்லமாட்டேன். க.பொ.த. பெறுபேறு பார்க்க வரும் பிள்ளை தன் சுட்டெண்ணை அதில் அடிக்கிறது, வேலைக்கு விண்ணப்பிக்க வருபவர் அடையாள அட்டை இலக்கத்தையும் மின்னஞ்சல் கடவுச்சொல்லையும் அடிக்கிறார், வெளிநாட்டுப் பணம் வந்துவிட்டதா என்று ஒரு அம்மா வங்கிக் கணக்கைத் திறந்து பார்க்கச் சொல்கிறார். இவர்கள் எல்லோரும் உங்களை நம்பித்தான் அந்தக் கதிரையில் இருக்கிறார்கள்.

விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14இல் முடிந்துவிட்டது. குரோம் அதற்காகக் கடைசியாகத் தந்தது 109ஆம் பதிப்பு, 2023 தொடக்கத்தில் வந்தது. அதை இன்றே நிறுத்துங்கள். பயர்பொக்ஸில் கடைசி 115 ஈ.எஸ்.ஆர். (நீண்டகால ஆதரவுப் பதிப்பு), அது 2023 ஜூலையில் வந்தது, விண்டோஸ் 7 பாவிப்பவர்களுக்காக அதன் பாதுகாப்புத் திருத்தங்களை மொசில்லா பல தடவை நீட்டித்தது, ஆனால் அது போகிற வழிக்கான சோறுதான். விண்டோஸ் 10க்குத் தாவினாலும் அதன் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது, 11க்கோ உங்கள் கணினியின் வயது இடம் கொடுக்காது. புதிதாக ஒன்று வாங்க இப்போது காசு இல்லையென்றால் விண்டோஸுக்குப் பதிலாகப் பாவிக்கக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டைப் பென்ட்ரைவில் ஏற்றி, கணினியில் பதியாமலே ஓட்டிப் பாருங்கள். தமிழ் எழுத்து, பயர்பொக்ஸ் எல்லாம் அதில் வரும். கடைக்கு உயிரே பிரிண்டரும் ஸ்கேனரும்தான், அவை இரண்டும் அதில் இயங்குகின்றனவா என்று பார்த்த பிறகே முடிவெடுங்கள். மாறும் முன் புக்மார்க்குகளை எச்.டி.எம்.எல். கோப்பாக வெளியே எடுத்து வையுங்கள், எந்தப் பிரவுசரும் அதை உள்வாங்கும்.

முகம் அடிக்கடி மாறக்கூடாது என்ற உங்கள் ஆசைக்கும் வழி இருக்கிறது. பயர்பொக்ஸின் ஈ.எஸ்.ஆர். பதிப்பையே லினக்ஸிலும் புதிய விண்டோஸிலும் போடலாம். பாதுகாப்புத் திருத்தங்கள் தவறாமல் வரும், தோற்றமும் வசதிகளும் ஏறக்குறைய வருடத்துக்கு ஒருமுறைதான் மாறும். அலுவலகங்களையும் பாடசாலைகளையும் நினைத்துச் செய்தது, ஆனால் யாரும் இலவசமாக இறக்கலாம். கடை வைத்திருப்பவர்கள் எல்லோரும் இதைத்தான் போடவேண்டும் என்று சொல்வேன்.

கேள்வி: நன்றாக இருந்ததை ஏன் மாற்றுகிறார்கள்? யார் கேட்டது?
– நெடுங்கேணி வாசகர்

பதில்: கோபம் புரிகிறது, எனக்கும் இருக்கிறது. அவர்கள் பக்கத்தில் காரணங்கள் உண்டு. தொடுதிரை வந்தது, திரைகளின் அளவு மாறியது, விண்டோஸின் தோற்றமே மாறியது, பழைய முகத்தையும் புதிய முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பராமரிப்பது இரட்டை வேலை. இதெல்லாம் உண்மை. ஆனால் வருடக்கணக்காக ஒரே இடத்தில் ஒரு பட்டனை அழுத்திப் பழகிய கைக்கு அந்தப் பழக்கமே ஒரு அறிவு, இங்கே பலர் ஆங்கிலத்தை வாசித்துப் பாவிப்பதில்லை, இடத்தை வைத்துத்தான் பாவிக்கிறார்கள், பட்டன் இடம் மாறினால் அவர்கள் திரும்ப ஒருவரைக் கூப்பிட்டுத்தான் வேலை செய்யவேண்டியிருக்கிறது. திரும்பிப் போக ஒரு விசையாவது வைத்துவிட்டு மாற்றுங்கள் என்று கேட்பது பெரிய கேள்வி இல்லை.

கேட்டுப் பலன் கிடைத்ததும் உண்டு, மேலே சொன்ன கொம்பக்ட் அப்படித்தான் தப்பியது. 2013இல் ஒபரா என்ற பிரவுசர் தன் உள்ளியந்திரத்தை விட்டுவிட்டு, குரோமின் அடித்தளமான குரோமியத்துக்கு மாறி, 15ஆம் பதிப்பில் பழைய வசதிகளில் பெரும்பகுதியை இழந்து வந்தபோது பழைய பாவனையாளர்கள் மனம் நொந்தார்கள். ஒபராவைத் தொடங்கியவர்களில் ஒருவரான யோன் வொன் டெட்ஸ்னரே வேறு குழு சேர்த்து விவால்டி என்ற பிரவுசரை உருவாக்கினார், 2016 ஏப்ரலில் அதன் முதலாம் பதிப்பு வந்தது. டப்புகளை மேலே, கீழே, இடது, வலது என்று எங்கே வேண்டுமானாலும் வைக்கும் தெரிவு அதன் செட்டிங்ஸிலேயே இருக்கிறது, கோப்பு எழுதத் தேவையில்லை. டப்பைக் கீழே இறக்கக் கேட்ட கிளிநொச்சித் தம்பியும் இதைப் பார்க்கலாம். பழைய பயர்பொக்ஸ் தோற்றத்தை இன்றுவரை காக்கும் பேல் மூன், அதற்கும் முந்திய மொசில்லா தோற்றத்தைக் காக்கும் சீமங்கி என்ற பிரவுசர்களும் உண்டு. அவர்களது உழைப்பை மதிக்கிறேன், ஆனால் சிறிய குழுக்கள், புதிய தளங்கள் சில அவற்றில் சரியாகத் திறக்காது, அதனால் வாசிப்பதற்குப் பாவியுங்கள், வங்கிக்கு வேண்டாம்.

கேள்வி: போனில் குரோம் முகவரிப் பட்டை திடீரென்று கீழே போய்விட்டது. வைரஸா?
– மாங்குளம் வாசகி

பதில்: வைரஸ் இல்லை தங்கச்சி. 2025இல் அன்ட்ரொய்ட் குரோமில் பட்டையைக் கீழே வைக்கும் வசதி வந்தது, அதைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் இடம் மாற்றும் தெரிவு வரும், பிள்ளைகள் விளையாடும்போது கை பட்டிருக்கும். நீங்களும் அதேபோல அழுத்திப் பிடித்து மேலே கொண்டுபோகலாம், அல்லது செட்டிங்ஸில் அட்ரஸ் பார் என்ற இடத்தில் மாற்றலாம். போனில் பயர்பொக்ஸ் பாவிப்பவர்களுக்கு அது செட்டிங்ஸில் கஸ்டமைஸ் என்ற பகுதிக்குள் இருக்கிறது.

அடுத்த தடவை எழுதுகிறவர்கள் பிரவுசரின் ஹெல்ப் மெனுவில் அபவுட் என்பதை அழுத்தி, அங்கே தெரியும் பதிப்பு எண்ணையும் உங்கள் விண்டோஸ் எதுவென்பதையும் கடிதத்தில் சேர்த்து எழுதுங்கள். அது இல்லாமல் வந்த சில கடிதங்களுக்கு இம்முறை பதில் எழுத முடியவில்லை.